முந்நூறு டாலர்

பிஸ்கட் டின்னில் முந்நூறு டாலர்,
முதியோர் இல்லத்தில் ஆறு இரவுப்பணியின் மிச்சம்.
பெண்டிகோவில் எல்லார் வீட்டிலும்
யாரோ ஒரு சித்தப்பா
மழை விட்டதும் சும்மா நடந்துபோய்
கட்டைவிரல் தண்டிக்குத் தங்கம் எடுத்திருக்கிறார்.
எங்கள் வீட்டில் மட்டும் இல்லை.

கடைக்குப் போனேன்.
கண்ணாடிக்குள் இருந்தவற்றின் விலை
எங்கள் காரைப்போல் இரண்டு மடங்கு.
விற்பனைப் பையன் நல்லவன்.
கம்பளத்தில் ஒரு நாணயத்தைப் போட்டு
ஒவ்வொரு கருவியாக அதன்மேல் வீசிக் காட்டினான்.
எல்லாம் கத்தின.
கம்பளத்தில் கிடந்தால் நானே குனிந்து எடுப்பேனே தம்பி
என்று வாய்வரை வந்தது.

"முந்நூறுக்கு?"
நோயாளியின் உறவினரிடம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தினான்:
"கடற்கரைக்கு வாங்கலாம், பூங்காவுக்கு வாங்கலாம்.
இந்த ஊர்ச் சிவப்பு மண்ணில் இரும்பு அதிகம்.
மலிவானது மண்ணைப் பார்த்தே கத்தும்."

மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று படித்திருக்கிறேன்.
கத்துவதெல்லாம் பொன்னல்ல என்று
எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

மூன்று வாரம் கொப்பியில் கோடு போட்டு எழுதினேன்.
எடை: கிழவர்களைப் படுக்கையில் புரட்டிப் புரட்டி
என் வலது தோள் ஏற்கெனவே தேய்ந்தது,
ஒன்றரைக் கிலோ தாண்டக்கூடாது.
பேட்டரி: சுவர்க்கடிகாரத்துக்குப் போடுவதே போதவேண்டும்.
ஆழம்: ஒரு சாண்.
அதற்குக் கீழே கிடப்பது பணக்காரருக்கு.
மண்வெட்டிக்கும் உரிமச் சீட்டுக்கும்
ஐம்பதை முதலிலேயே ஒதுக்கி வட்டம் போட்டேன்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றவர்
இந்த ஊர் ஓடைகளைக் கண்டிருக்கமாட்டார்,
முக்கால் வருசம் தண்ணீரே இருக்காது.

கடைசியில் ஈகிள்ஹாக் பேக்கரி வாசலில்
டானிக்கா கார் டிக்கியைத் திறந்தாள்.
பிரிந்துபோன காதலனுடையது. நூற்றெண்பது.
"ஒழுங்காக வேலை செய்யுமா?"
"அவனைவிட."
இருநூறு கொடுத்தேன்.
மிச்ச இருபதுக்கு அவனுடைய ஹெட்ஃபோனையும் தந்தாள்.

மூன்று திருகுகள்.
உணர்திறன், நிலச் சமன்,
மூன்றாவது பாகுபாடு.
சிரித்துவிட்டேன்.
எட்டு வருசமாக இந்த நாட்டில் இருக்கிறேன்,
அதை இவ்வளவு பச்சையாக
எழுதி ஒட்டியிருந்தது இங்கேதான்.
கூட்டினால் ஆணியும் தகரமும் வாயடைத்துப்போகும்.
இன்னும் கூட்டினால்
மெல்லிய தங்கமும் அவற்றோடு காணாமல் போகும்.
அடியோடு குறைத்து வைத்தேன்.
எல்லாரும் பேசட்டும்.

ஞாயிறு. விப்ஸ்டிக் காடு.
சசிதரன் சாப்பாட்டுப் பை தூக்கத்தான் வந்தார்.
தும்புத்தடி பிடித்தவள்போல்
நான் அங்கும் இங்கும் வீசிக்கொண்டிருந்தேன்.
கொஞ்சநேரம் பார்த்தார். கையை நீட்டினார்.
முழங்கைப் பட்டியைப் பாராமலே இறுக்கினார்.
தட்டு மண்ணுக்கு இரண்டு விரல் மேலே,
இடமிருந்து வலம், வலமிருந்து இடம்,
முந்திய வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மூடியபடி
அரை அடி. பிறகு அரை அடி.
ஒரு புல் மடியவில்லை.

"எங்கே பழகினீங்கள்?"
"கிளிநொச்சியில். இரண்டு வருசம். அந்த நிறுவனத்தில்."
நிறுவனம் என்று கல்யாணப் பேச்சிலேயே சொன்னதுதான்.
நான் கணக்கெழுதும் வேலை என்று நினைத்திருந்தேன்.

கருவி கத்தியது.
மண்வெட்டியைத் தள்ளி வைத்தார்.
முழந்தாளிட்டு,
மேலிருந்து அல்ல, பக்கத்திலிருந்து,
விரலால்,
விரலால் மட்டும், கால் மணிநேரம்.
இங்கே அப்படி ஒன்றும் இல்லை என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
நான் மூச்சு விட்டதாக நினைவில்லை.

ஒரு பியர் டின்னின் வளையம்.

சட்டையில் துடைத்துத் துடைத்து
வெயிலில் தூக்கிப் பிடித்தார்.
நாலு வருசத்தில் இப்படிச் சிரித்ததே இல்லை.
"இன்னும் இருக்கும்," என்றார்,
"குடித்தவன் ஒன்றோடா நிறுத்தியிருப்பான்?"